நாற்பத்தொன்றாம் எண் கம்பியும் ஏழு சாத்தே குச்சிகளும்

முப்பத்து நான்கு வயதில் பணி ஓய்வு பெற்றேன் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் என் முகத்தைப் பார்க்கிறார்கள், பிறகு பக்கத்தில் இருக்கும் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறார்கள். "வேலைய விட்டுட்டா. அத ஸ்டைலா சொல்றா" என்று அம்மா திருத்துவார். ஆனால் பந்தயப் பாய்மரப் படகுகளின் கரைப் பணியில் எட்டுப் பருவங்கள் தாக்குப்பிடிப்பது ஒரு முழு ஆயுள். என் முழங்கால்கள் இரண்டும் அதற்குச் சாட்சி. இப்போது பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் குளிரூட்டிய அறையில், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். நாற்காலி என்பது எவ்வளவு நல்ல கண்டுபிடிப்பு என்று படகுத்துறையில் வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

சென்ற மாதம் என் பழைய குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு காணொளி அனுப்பினாள். அவர்களுக்குப் புதிய கருவி அலமாரி வந்திருக்கிறது. ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு சில்லு. ஒன்று குறைந்தாலும் அலமாரி சிவப்பு விளக்கைப் போட்டுக் கத்துகிறது. "இது இல்லாத காலத்துல எப்படிக்கா சமாளிச்சீங்க?" என்று கேட்டிருந்தாள். அந்தக் காலம் முடிந்து நான்கு ஆண்டுகள்கூட ஆகவில்லை. இருந்தாலும் மூத்தோர் என்ற முறையில் பதில் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில், தெரியாதவர்களுக்காக. எங்கள் படகு இரட்டை உடல் கொண்டது. அதன் அடியில் நீருக்குள் இறங்கும் இறக்கைகள் இருக்கும். ஃபாயில் என்போம். காற்று போதுமான அளவு வந்ததும் அந்த இறக்கைகள் படகு முழுவதையும் நீருக்கு மேலே தூக்கிவிடும். அதன்பின் படகு மிதப்பதில்லை, பறக்கிறது. காரில் நெடுஞ்சாலையில் போகிற வேகம். அந்த இறக்கையின் கோணத்தைக் கணத்துக்குக் கணம் மாற்றுவது உடலுக்குள் இருக்கும் ஓர் எண்ணெய் அழுத்த உருளை. அந்த உருளைக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஏதாவது உருண்டு கிடந்து இடுக்கில் மாட்டினால், பறக்கிற படகு மூக்கு குத்தி விழும். உள்ளே இருப்பவர்கள் எலும்பு முறிவோடு தப்பினால் அதிர்ஷ்டம்.

ஆகவே எங்கள் வாழ்க்கை பட்டியல்களால் ஆனது. ஒரு மணி நேரம் பறக்க, மூன்று மணி நேரத் தயாரிப்பு, இரண்டு மணி நேரக் கழுவல். படகில் ஒட்டும் விளம்பரத் தாளைக்கூட எடை போட்டுத்தான் ஒட்டுவோம்.

இதற்கு நேர் எதிரானது என் தாய்மாமா யூசுப்பின் படகு. பெயர் "சந்தாய்". மலாயில், எந்த அவசரமும் இல்லாமல் இருப்பது என்று பொருள். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மாமாவும், பக்கத்துக் கடை லிம் அங்கிளும் சேர்ந்து வாங்கிய பழைய பாய்மரப் படகு. அதில் பாய்களைவிட ஐஸ் பெட்டி கனம். வேகத்தை அளக்கும் கருவி இருந்தது. அதன் மேல் லிம் அங்கிள் கோப்பிக் குவளையை வைப்பார். "எவ்வளவு வேகம் மாமா?" என்று ஒருமுறை கேட்டேன். "போற வேகம்தான்" என்றார்.

நான் வேலை கற்றுக்கொண்ட கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல், தொழிற்சாலையில் உணரிகளைச் சரிபார்க்கும் வேலை, மூன்று ஆண்டுகள், ஒரு விளம்பரம், ஒரு நேர்முகம், "கடல் பிடிக்குமா?" என்ற கேள்விக்கு "பட்டியல் பிடிக்கும்" என்ற பதில். கேட்டவர் பிரேமா அக்கா. அன்றே வேலை கொடுத்தார்.

பிரேமா அக்காவைப் பற்றி நிதானமாகச் சொல்லவேண்டும். எங்கள் கரைப் பணித் தலைவி. அதற்கு முன் விமானப் பராமரிப்பில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பட்டர்வொர்த்துக்காரர். இடுப்பு வரை முடி. வேலை நேரத்தில் அதைச் சுருட்டிக் கொண்டையாக்கிக் கைக்குக் கிடைத்த எதையாவது செருகிக்கொள்வார். நிலைமை மோசமாக ஆக அவருடைய குரல் தணிந்துகொண்டே போகும். அவர் கிசுகிசுத்தால் நாங்கள் ஓடுவோம். அவர் முன்னால் "நினைக்கிறேன்" என்ற சொல்லை யாரும் பயன்படுத்த முடியாது. "வால்வ் மூடியிருக்குன்னு நெனைக்கிறேன்க்கா" என்றால், "நெனைக்கிறத வீட்ல வச்சிக்க, மூடியிருக்கா?" என்பார்.

விமானக் கொட்டகையிலிருந்து அவர் கொண்டுவந்த வழக்கம்தான் கருவிப் பலகை. சுவர் உயரத்துக்குச் சிவப்புப் பலகை. அதில் அறுபத்து நான்கு கருவிகள். ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் அதன் உருவத்தைக் கறுப்பு நிழலாகத் தீட்டியிருக்கும். கருவி இல்லையென்றால் நிழல் தெரியும். ஒவ்வொன்றிலும் எண் செதுக்கியிருக்கும். மாலையில் ஒரு முறை, காலையில் படகு இறங்கும் முன் ஒரு முறை சரிபார்ப்பு. இருவர் வேண்டும். ஒருவர் எண்ணைச் சொல்ல, மற்றவர் கருவியைத் தொட்டு "இருக்கு" என்று சொல்லவேண்டும். கண்ணால் பார்த்தால் போதாது, தொடவேண்டும். பிறகு பட்டியலில் பொறுப்பாளர் கையெழுத்து. பேனா தவறிப் படகுக்குள் விழாமலிருக்க அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்போம்.

கையெழுத்துக்குப் பிறகும் பிரேமா அக்கா ஒன்று செய்வார். கிரேனில் தொங்கும் படகின் முன் நின்று ஒரே ஓர் எண்ணைச் சொல்லி உள்ளங்கையை நீட்டுவார். அந்தக் கருவி அந்தக் கையில் வைக்கப்பட்டால்தான் படகு கீழே இறங்கும்.

கையெழுத்துப் போட்ட பட்டியல் பொய் என்று தெரிந்தால், போட்டவர் இனிமேல் பேனாவைத் தொடக்கூடாது. எனக்கு முன் ஒருவருக்கு அப்படி நடந்தது. அவர் அதன்பின் இரண்டு பருவங்கள் மாலுமிகளின் ரப்பர் உடைகளைக் கழுவிக்கொண்டிருந்துவிட்டு ஊருக்குப் போனார். அந்தப் பேனா எனக்குக் கிடைக்க நான்கு ஆண்டுகள் ஆயின. அது கழுத்தில் தொங்கும்போது நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

என் ஆறாம் பருவத்தில் குழு பயிற்சிக்காகப் பினாங்குக்கே வந்தது. வெல்ட் கீ படகுத்துறைப் பக்கம் ஒரு தற்காலிகக் கொட்டகை. நடுவில் ஐந்து நாள் பந்தயம். சொந்த ஊர் என்பதால் என் உறவினர்கள் எல்லோரும் வேலி ஓரம் வந்து நின்று, நான் ஸ்பானர் பிடிப்பதைப் படம் எடுத்தார்கள்.

பந்தயத்தின் இரண்டாம் நாள் மாலை, சரிபார்ப்பு முடிந்து கையெழுத்தும் போட்டுவிட்டேன். அறுபத்து நான்கும் இருந்தன. தொட்டுத்தான் பார்த்தோம். அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து யூசுப் மாமா கூப்பிட்டார்.

"ஜமீ, சுக்கான் பிடி ஆடுதும்மா. போல்ட்டு ஒடஞ்சி போச்சி."

"நாளைக்கு வாங்கிப் போட்டுக்குங்க மாமா."

"நாளைக்கு உங்க படகப் பாக்க வரணும்லா. லிம் மக்கான், சாப்பாடெல்லாம் ஆர்டர் பண்ணிட்டான்."

போய்ப் பார்த்தேன். சுக்கானையும் அதைப் பிடிக்கும் கட்டையையும் இணைக்கும் போல்ட் முறிந்திருந்தது. எட்டு மில்லி துளை. பலகையில் நாற்பத்தொன்றாம் எண் என்பது டிரிஃப்ட் கம்பி: கை நீளமுள்ள எஃகுக் கம்பி, துளைகளை நேராக்குவதற்குப் பயன்படுவது. அதுவும் எட்டு மில்லி. போய் எடுத்துவந்து செருகினேன். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. காலையில் ஹார்ட்வேர் கடை திறந்ததும் போல்ட் வாங்கி மாற்றிவிடுவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை. நான் எழுதாத விஷயம் எனக்கு நினைவில் நிற்காது. இதுவும் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை என்னோடு சரிபார்க்கும் ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான். வேறு யாரையாவது கூப்பிட்டிருக்கவேண்டும். எல்லோரும் வேலையாக இருந்தார்கள். நானே எண்ணைச் சொன்னேன். நானே "இருக்கு" என்றேன். இரண்டு குரல்களும் ஒருவருடையதாக இருந்தால் வேகம் கூடிவிடுகிறது. முப்பதைத் தாண்டியதும் கை தொடுவதை நிறுத்தியது. கண் மட்டும் ஓடியது. இங்கே ஒரு விவரம்: டிரிஃப்ட் கம்பி கறுப்பு எஃகு, வெறும் நேர்க்கோடு. அதன் நிழலும் கறுப்பு நேர்க்கோடு. சுத்தியல் இல்லாத இடத்தில் சுத்தியலின் நிழல் பல்லிளிக்கும். கம்பி இல்லாத இடத்தில் கம்பியேதான் தெரியும்.

"நாற்பத்தொன்று." "இருக்கு."

கையெழுத்துப் போட்டேன்.

பதினொன்றே முக்காலுக்குப் படகு கிரேனில் தொங்கியது. பன்னிரண்டரைக்குள் துறையை விட்டுக் கிளம்பினால்தான் முதல் பந்தயத்துக்குப் போய்ச் சேரமுடியும். ஐந்து மாலுமிகளும் தலைக்கவசத்தோடு நின்றார்கள். பிரேமா அக்கா படகின் முன் வந்து கையை நீட்டினார்.

"நாற்பத்தொண்ணு."

நடந்துபோய்ப் பலகையில் கை வைத்தேன். விரலில் பெயின்ட் மட்டுமே பட்டது.

அந்தக் கணத்தில்தான் எல்லாம் நினைவு வந்தது. திரும்பி வந்தபோது கை காலியாக இருந்தது.

"இல்லக்கா. எங்க மாமா படகுல இருக்கு. நேத்து சாயந்திரம் நான்தான் எடுத்துட்டுப் போனேன்."

பிரேமா அக்காவின் குரல் ஒரு படி இறங்கியது. "காலைல தொட்டியா?"

"இல்ல."

"கையெழுத்து?"

"போட்டேன்."

கேப்டன் ஆஸ்திரேலியக்காரர். விஷயத்தை அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னதும், "ஒரு கம்பிதானே, எங்கே இருக்கிறதென்று இவளுக்குத் தெரிகிறதே, இறக்குங்கள்" என்றார். பிரேமா அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னிடம், கிட்டத்தட்டக் கேட்காத குரலில் சொன்னார்:

"காலைல, பலகையில இருக்குன்னு கையெழுத்துப் போட்ட. இப்ப மாமா படகுல இருக்குங்கற. ரெண்டும் உன் வார்த்தைதான். நான் எத நம்ப?"

கைப்பேசியை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டேன்.

"மாமா, நேத்து குடுத்த கம்பி எங்க?"

"எந்தக் கம்பி?"

"சுக்கான் பிடியில செருகினேனே."

"அதா! சூப்பரா இருக்கும்மா. கொஞ்சம்கூட ஆடல. சும்மாவா சொல்றோம் உன்ன, என்ஜினியர்னு."

"அது எனக்கு இப்பவே வேணும்."

"இப்பவா? நாங்க கர்னி கடற்கரைக்கு எதிர வந்துட்டோம்லா. உங்க படகத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம். எப்ப வருது?"

"நீங்க கம்பியத் தந்தாத்தான் வரும்!"

பிறகு மாமா, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல, "லிம், அவங்க படகு நம்ம படகுக்காக நிக்குதாம்" என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமையை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

எண் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்பச் சொன்னேன். முதலில் வந்த படத்தில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவதில் சாத்தே தட்டு, குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சி. மூன்றாவதில் கம்பி இருந்தது, ஆனால் எண் செதுக்கிய முனை துளைக்குள் இருந்தது. பிரேமா அக்கா படத்தைப் பார்க்கவே இல்லை. நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு ரப்பர் படகை நோக்கித் தலையை அசைத்தார்.

ஓட்டுநர் என்னைக் கர்னிக்குக் கொண்டுபோன ஏழு நிமிடங்களில் நான் ஒரு பட்டியல் போட்டேன். ஒன்று, பேனா போயிற்று. இரண்டு, கம்பி கிடைக்காவிட்டால் இன்றைய பந்தயமும் போயிற்று. மூன்று, அம்மாவுக்குச் சொல்லவேண்டும். நான்காவது தோன்றவில்லை.

"வா வா, சாப்பிட்டியா?" என்றார் மாமா.

"மக்கான் டுலு லா" என்று லிம் அங்கிளும் முதலில் சாப்பிடச் சொல்லி ஒரு சாத்தே குச்சியை நீட்டினார்.

நான் நேராகச் சுக்கானிடம் போனேன். "இத எடுத்தா நாங்க எப்படிம்மா திரும்புறது? கெடாவுக்குப் போயிருவோம்லா" என்று மாமா கட்டையைப் பிடித்துக்கொண்டார். நியாயமான கேள்வி. சுற்றிலும் பார்த்தேன். தட்டில் தின்று முடித்த குச்சிகள் குவிந்திருந்தன. ஏழு குச்சிகளைத் துடைத்து, ஒன்றாகச் சேர்த்து, இறுக்கமாக டேப் சுற்றினேன். எட்டு மில்லி. ஆறென்றால் ஆடியது, எட்டென்றால் நுழையவில்லை. ஏழு, கச்சிதம். கம்பியை உருவினேன், குச்சிக் கட்டைச் செருகினேன். சந்தாய் எதுவுமே நடக்காததுபோல் போய்க்கொண்டிருந்தது.

பன்னிரண்டு இருபதுக்கு அந்த நீட்டிய கையில் கம்பியை வைத்தேன். பிரேமா அக்கா வெளிச்சத்தில் திருப்பி எண்ணைப் படித்தார். துணியால் துடைத்தார், மசாலா வாசனை இருந்தது. போய்ப் பலகையில் மாட்டினார். "இறக்கு" என்றார். படகு கிளம்பியது. முதல் பந்தயத்துக்கு நான்கு நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தது; அன்றைக்கு ஒருமுறை மூன்றாவதாகவும் வந்தது.

நான் அதைப் பார்க்கவில்லை. படகு துறையை விட்டதும் அந்தக் கை மறுபடி என் முன்னால் நீண்டது.

"பேனா."

கழற்றிக் கொடுத்தேன்.

ரப்பர் உடைகளைக் கழுவும் வேலை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஐந்து ஆண்கள் நான்கு மணி நேரம் வியர்த்த உடைகள். மூன்று வாரங்கள் கழுவினேன். பலகைக்கு அருகில் போகவில்லை.

ஆனால் பிரேமா அக்காவுக்கு இன்னொரு கவலை இருந்தது. "நம்ம சாமான் போன படகு அது. அதுக்கு லிஸ்ட் இருக்கா?" என்று கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு சின்னப் பலகையோடும் சிவப்புப் பெயின்ட்டோடும் சந்தாய்க்குப் போனார். கூடவே என்னையும் அழைத்துப்போனார். மாமாவின் கருவிப் பெட்டியைத் திறந்து நான் எழுதிய பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது:

ஒன்று, ஸ்க்ரூ டிரைவர்.
இரண்டு, பிளையர், ஒரு கை மட்டும்.
மூன்று, கத்தி (மாம்பழத்துக்கும்).
நான்கு முதல் பத்து வரை, சாத்தே குச்சிகள்.

"போல்ட்டு வாங்கலையா அண்ணே?" என்று பிரேமா அக்கா கேட்டார்.

"நல்லாத்தானே இருக்கு" என்றார் மாமா.

"அப்ப சரி. ஏழும் லிஸ்ட்ல இருக்கணும். ஒண்ணு கொறஞ்சாலும் பிடி ஆடும். படகு போகக்கூடாது."

மாமா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டாவது வாரமே அவர் பலகை முன் நின்று எண் கூவினார், லிம் அங்கிள் ஒவ்வொரு குச்சியாகத் தொட்டு "அடா!" என்று, அதாவது "இருக்கு" என்று, மலாயில் பதில் சொன்னார். கரையில் இருந்தவர்கள் கூடி நின்று பார்த்தார்கள். பட்டியலில் பிரேமா அக்கா கையெழுத்துப் போட்டார். பிறகு அவரையும் வற்புறுத்தி ஏற்றிக்கொண்டார்கள்.

அவருடைய முதல் உல்லாசப் பயணம் அது. படகு துறையை விட்டுப் பத்து நிமிடத்தில் கேட்டார்:

"இப்ப என்ன செய்யணும்?"

"ஒண்ணும் வேணாம்மா. உக்காரு" என்றார் மாமா.

"எவ்வளவு நேரத்துக்கு?"

"சாயந்திரம் வரைக்கும்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நெஞ்சு வலி வந்தவர் போல இருந்தார். ஆனாலும் அடுத்த ஞாயிறும் வந்தார்.

அந்த மூன்றாவது ஞாயிறு பத்து மணிக்குச் சரிபார்ப்பு முடிந்தது. பத்தும் இருந்தன, பிரேமா அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டார். பழைய டேப் தளர்ந்திருந்ததால் புதிதாகச் சுற்றுவதற்காகக் குச்சிகளைப் பிரித்து இருக்கையில் பரப்பி வைத்திருந்தோம். காற்று பலமாக இருந்தது. ஐஸ் பெட்டி ஏற்றினார்கள், உணவு ஏற்றினார்கள், அதைப் பற்றி ஒரு விவாதமும் நடந்தது. அரை மணி கழித்து நான் குச்சிகளைச் சேர்த்து எடுத்தேன். ஆறு.

"மாமா, ஒண்ணு கொறையுது."

"ஆறு போதும்லா. பசிக்குது."

"ஏழு இல்லாம படகு போகாது."

மூன்று வாரமாக எனக்கு எந்தப் படகிலும் அதிகாரம் இல்லை. ஆனாலும் சொன்னேன். இருக்கைக்கு அடியில் தேடினோம். லிம் அங்கிள் ஐஸ் பெட்டியைக் காலி செய்தார். மாமா தண்ணீரை எட்டிப் பார்த்தார். பிரேமா அக்கா குரலைத் தாழ்த்தி, "கடைசியா யார் தொட்டது?" என்று ஒவ்வொருவரையும் விசாரித்தார். என்னை இரண்டு முறை விசாரித்தார். பிறகு இருக்கைக்கு அடியில் தானே பார்ப்பதற்காகக் குனிந்தார்.

அப்போதுதான் பார்த்தேன்.

"அக்கா."

"என்ன?"

"பத்தாம் நம்பர் உங்க கொண்டையில இருக்கு."

பிரேமா அக்கா நிமிர்ந்தார். கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டார். குச்சியை உருவினார். முடி முழுவதும் சரிந்து விழுந்து, காற்றில் பறந்து, லிம் அங்கிளின் கோப்பிக்குள் போயிற்று. குச்சியை நான் நீட்டிய உள்ளங்கையில் வைத்தார்.

"எப்பக்கா எடுத்தீங்க?"

"தெரியல." பிறகு, அவர் முன்னால் யாரும் பயன்படுத்த முடியாத அந்தச் சொல்லை அவரே சொன்னார்: "கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம்னு நெனைக்கிறேன்."

மாமா மெதுவாகக் கேட்டார்: "அப்ப அந்தக் கையெழுத்து?"

"செல்லாது" என்றார் பிரேமா அக்கா. கழுத்திலிருந்த பேனாவைக் கயிற்றோடு கழற்றி என் கழுத்தில் மாட்டினார். "நான் போட முடியாது. நீ போடு."

ஏழு குச்சிகளையும் சேர்த்துக் கட்டினேன். மாமா எண் கூவினார். நான் ஒவ்வொன்றாகத் தொட்டேன். கையெழுத்துப் போட்டேன். சந்தாய் ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டது. யாரும் கடிகாரம் பார்க்கவில்லை, பிரேமா அக்கா உட்பட.

திங்கட்கிழமை கொட்டகையில் புதிய பட்டியல் தாள் அச்சாகி வந்திருந்தது. கையெழுத்துக்கு இப்போது இரண்டு கோடுகள். மேல் கோட்டில் என் பெயர், கீழ்க் கோட்டில் பிரேமா அக்காவின் பெயர். அவர் முடியை ஒரு கறுப்பு ரப்பர் வளையத்தால் கட்டியிருந்தார். பலகையின் கீழ் மூலையில் பெயின்ட் இன்னும் ஈரமாக இருந்தது: அறுபத்தைந்தாம் எண்ணுக்கு ஒரு சின்ன வளைய நிழல்.